கல்லச்சுக் காலம் – 11: ஞாயிற்றுக்கிழமைக் கனவான்கள்

பிரெஞ்சு மன்னன் லூயி ஃபிலிப்பை, குடிகளின் காசைக் கூடை கூடையாக விழுங்கும் பூதமாக வரைந்த ஒனோரே தோமியே 1832இல் சிறைக்குப் போன கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அதே காலத்தில், அதே கல்லச்சு முறையில், வடக்கே நெதர்லாந்திலும் கேலிப்படங்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. ஆனால் ஆம்ஸ்டர்டாமிலோ ஹேக்கிலோ ஒரு தோமியே உருவாகவில்லை. டச்சு அரசுக்குப் பெருந்தன்மை அதிகம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அந்நாட்டு ஓவியர்கள் நூற்றாண்டின் பெரும்பகுதியில் யாரைப் பார்த்துச் சிரித்தார்களோ, அவர்கள் கையில் போலீசும் இல்லை, நீதிமன்றமும் இல்லை.

வாடகைக் குதிரையில் ஏறித் தடுமாறும் குமாஸ்தா. எஜமானியம்மாள் கழித்துப்போட்ட தொப்பியை மாட்டிக்கொண்டு திருவிழாவுக்குக் கிளம்பும் வேலைக்காரப் பெண். தூண்டிலோடு போய்த் தானே கால்வாயில் விழும் மளிகைக்கடைக்காரர். கடல் கடந்து சம்பாதித்த பணத்தோடு ஊர் திரும்பி, பெரிய வீட்டு விருந்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்கும் புதுப் பணக்காரர். டச்சுக் கேலிப்படங்களில் திரும்பத் திரும்ப வரும் முகங்கள் இவை. இவர்களில் ஒருவர்கூட வேலை நேரத்தில் வரையப்பட்டவர் அல்லர்.

வேலை நாளில் யார் யார் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. குமாஸ்தா மேசைக்குப் பின்னால் இருப்பார், முதலாளி கதவுக்குப் பின்னால் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் சிக்கல். அதே மரநிழல், அதே கடற்கரை, அதே உறைந்த கால்வாய். தையற்காரன் கைவண்ணத்தில் குமாஸ்தாவும் தூரத்திலிருந்து கனவானாகத் தெரிவார். கிட்டே வந்தபின் இனம் பிரிக்கக் கண் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தந்தவைதான் இந்தப் படங்கள். தொப்பியின் உயரம், கையுறையின் நிறம், குடையைப் பிடிக்கும் விதம் என்று பார்த்துப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டவர், அடுத்த ஞாயிறன்று பூங்காவில் அதே கண்ணோடுதான் நடந்திருப்பார்.

இந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. நெப்போலியன் காலம் முடிந்து 1815இல் நெதர்லாந்து ஒரு முடியரசாகத் தொடங்கியபோது, பழைய வணிகக் குடும்பங்களின் செல்வம் கரைந்திருந்தது. ஆம்ஸ்டர்டாமில் தர்மப் பணத்தை நம்பி வாழ்ந்தவர்கள் ஏராளம். ஊர்ப் பெரிய மனிதர்களிடம் மிஞ்சியிருந்த பெருஞ்சொத்து அந்தஸ்துதான். பிறகு பணம் வந்தது, ஜாவாவிலிருந்து. 1830இல் அங்கே கொண்டுவரப்பட்ட கட்டாயச் சாகுபடி முறையில் ஜாவா விவசாயிகள் விளைவித்த காப்பியும் சர்க்கரையும் அவுரியும் 1877 வரை டச்சுக் கருவூலத்துக்கு 80 கோடி கில்டருக்கு மேல் கொண்டு சேர்த்தன. அரசுக் கடன் அடைந்தது, ரயில் பாதைகள் வந்தன, கால்மேல் கால் போட்டு உட்கார நேரமுள்ள ஒரு வர்க்கம் பெருகியது. 1860இல் முல்தாதூலி என்ற புனைபெயரில் எடுவர்ட் டௌவஸ் டெக்கர் எழுதிய ‘மாக்ஸ் ஹாவலார்’ நாவல், ஆம்ஸ்டர்டாம் காப்பித் தரகர் ஒருவரின் சுயதிருப்தியைக் கிழித்துத் தோரணம் கட்டியது. நம் கேலிப்படக்காரர்கள் அந்தத் தரகரின் தொப்பையை வரைந்தார்களே தவிர, அது எங்கே விளைந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

கல்லச்சுக்கு முன்பே சாமானியர் கையில் ஒரு படம் இருந்தது. ஒரு சென்ட் கொடுத்தால் ஒரு தாள். முரட்டு மரக்கட்டை அச்சு, மேலே அவசர அவசரமாக அப்பிய சிவப்பும் மஞ்சளும், ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே இரண்டு வரிப் பாட்டு. தெருவிலும் சந்தையிலும் விற்ற இந்தத் தாள்களைக் குழந்தைகள் கிழியும்வரை பார்த்தார்கள். மனைவி வேலைக்குப் போக, துணி துவைத்துப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும் ‘சலவைக்கார யான்’ இதில் ஒரு நிரந்தர நாயகன். பன்றி கசாப்புக்காரனை அறுக்கும், ஆடு இடையனுக்கு மயிர் கத்தரிக்கும் ‘தலைகீழ் உலகம்’ இன்னொரு விருப்பப் படம். எல்லாவற்றுக்கும் மேலாக, சோம்பேறிகளின் சொர்க்கமான லைலெக்கர்லாந்து. பாற்சோற்று மலை ஒன்றை வாயாலேயே குடைந்துகொண்டுதான் அந்த நாட்டுக்குள் நுழைய முடியும். உள்ளே, வறுத்த பன்றி முதுகில் கத்தியோடு நடந்து வரும். வறுத்த பறவை வாய்க்குள் பறந்து வரும். தூங்குகிறவனுக்குக் கூலி உண்டு.

பெயருக்கு இது சோம்பலைக் கண்டிக்கும் படம். ஆனால் 12 மணி நேரம், 14 மணி நேரம் உழைத்த வீட்டின் சுவரில் இதை ஒட்டியவர்கள் கண்டனத்துக்காகவா ஒட்டியிருப்பார்கள்? பாற்சோற்று மலையைப் பார்க்கும் பசித்த பிள்ளைக்கு அதில் நீதி தெரிந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஊர்ப் பெரியவர்களும் நம்பவில்லை போலும். 1784இல் ஏடம் நகரில் தொடங்கிய பொதுநலச் சங்கம் பள்ளிகளும் சேமிப்பு வங்கிகளும் நடத்தியதோடு, இந்த மாதிரித் தாள்களுக்குப் போட்டியாகச் சொந்தத் தாள்களும் அச்சிட்டது. அவற்றில் விடியலில் எழும் நல்ல பையன் முன்னேறுவான், விளையாடித் திரிந்தவன் வீதிக்கு வருவான். ஏழையின் ஓய்வைத் திருத்துவது அந்தச் சங்கத்தின் முழுநேரக் கவலை.

இந்த ஒரு சென்ட் தாள்கள் நமக்கு மிஞ்சியதே பணக்காரர்களின் பொழுதுபோக்கினால்தான் என்பது வேறு விஷயம். ராட்டர்டாமின் மர வியாபாரி ஆப்ரஹாம் ஃபான் ஸ்டோல்க், ஆம்ஸ்டர்டாமின் புத்தக வியாபாரி ஃபிரெடரிக் முல்லர் ஆகியோர் நாட்டு வரலாறு தொடர்பான அச்சுத்தாள் எதுவானாலும் சேர்த்தார்கள். முல்லரின் சேகரிப்பு 1881இல் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஃபான் ஸ்டோல்க்கின் சேகரிப்பு ராட்டர்டாமில் இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

படித்த வர்க்கத்தின் கேலி லைடன் பல்கலைக்கழகத்தில் முளைத்தது. 1839இல் அங்கே இரண்டு புத்தகங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பிறந்தன. இரண்டையும் எழுதியவர்கள் 1814இல் பிறந்தவர்கள், நண்பர்கள். இறையியல் மாணவரான நிக்கோலாஸ் பேட்ஸ், ஹில்டபிராண்ட் என்ற பெயரில் ‘கேமரா ஆப்ஸ்கூரா’வை வெளியிட்டார். வசதியான வீட்டுப் பிள்ளையான யோஹன்னஸ் க்னெப்பல்ஹவுட், கிளிக்ஸ்பான் என்ற பெயரில் ‘மாணவ வகைகள்’ என்ற தொடரைத் தவணை தவணையாக வெளியிடத் தொடங்கினார். கிளிக்ஸ்பான் என்றால் கோள்மூட்டி. பெயருக்கேற்ற வேலைதான். அடுத்தவன் மேசையில் ஓசிச் சாப்பாடு சாப்பிடுகிறவன், உள்ளூரிலேயே வீடு இருப்பதால் முழு மாணவனாக மதிக்கப்படாதவன், எழுத்தாளன் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறவன் என்று தன் சகாக்களையே ஒருவர்பின் ஒருவராக நிறுத்திவைத்து உரித்தார்.

அவருக்குப் படம் போட்டவர் அலெக்சாண்டர் ஃபெர் ஹூல். 1822இல் டூஸ்பர்க் நகரில் பிறந்தவர், கடற்படைக் குடும்பம், லைடனில் சட்ட மாணவர். சட்டத்தை அவர் அவசரப்பட்டுப் படித்து முடிக்கவில்லை. பல ஆண்டுகள் லைடனிலேயே கிடந்து, மது விருந்துகளையும் பில்லியர்ட்ஸ் மேசைகளையும் முகமூடி ஊர்வலங்களையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். பிறகு ‘இப்படியும் இருக்கிறார்களா?’, ‘இப்படித்தான் இருக்கிறார்கள்!’ என்று பொருள்படும் தலைப்புகளில் தனிப் படத்தொகுப்புகளும் வெளியிட்டார். கோடு மெலிதானது. கோமாளித்தனமான பெரிய மூக்கெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. கண்ணாடி முன் நிற்கும்போது மனிதன் முகத்தில் வரும் அந்த லேசான உப்பல் போதும். என் கணக்கில் அந்த நூற்றாண்டின் டச்சுக் கேலிப்படக்காரர்களில் முதலிடம் இவருக்குத்தான். ஹேக்கின் வார இதழ்களில் அரசியல் படங்களை வாரம் தவறாமல் வரைந்து தள்ளியவர்களுக்கு அல்ல.

க்னெப்பல்ஹவுட் 1844இல் வெளியிட்ட ‘மாணவர்களும் அவர்களை ஒட்டி வாழ்பவர்களும்’ என்ற தொகுப்பை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். லைடன் அப்போது நெசவுத் தொழில் நொடித்துப்போன, ஏழ்மை பிடித்த ஊர். மாணவர்களின் ஓய்வுதான் அங்கே பலருக்குப் பிழைப்பு. அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரம்மா, காலணி துடைத்து, கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து, போதையில் விழுந்தவரைத் தூக்கிவரும் எடுபிடி, கடன் கொடுக்கும் கடைக்காரர். இவர்களுக்கெல்லாம் ஒரு தனிப் புத்தகம் ஒதுக்கப்பட்டதே அன்றைக்குப் புதுமை. ஆனாலும் பார்வை மேலிருந்து கீழே பார்ப்பதுதான். இளைஞரைச் சுரண்டும் தந்திரசாலிகளாக அவர்கள் தெரிகிறார்களே ஒழிய, இரவெல்லாம் கண்விழித்து இன்னொருவரின் உல்லாசத்துக்கு உழைப்பவர்களாகத் தெரிவதில்லை.

பேட்ஸின் சிரிப்பு இன்னும் இதமானது. அதனாலேயே இன்னும் நுட்பமாகக் குத்துவது. ஹார்லம் நகரத்து மரச்சோலைக்கு ஞாயிறு உலா வரும் கூட்டம், அதைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே வரும் நுர்க்ஸ் என்கிற ஆம்ஸ்டர்டாம் ஆசாமி, மேற்கிந்தியப் பகுதியில் சம்பாதித்த பணத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாத கெக்க குடும்பம். ‘கேமரா ஆப்ஸ்கூரா’ வந்த அதே 1839இல், செப்டம்பர் 20 அன்று, ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லமுக்கும் நடுவே நாட்டின் முதல் ரயில் ஓடியது. இனி அந்தச் சோலைக்கு வர சொந்த வண்டி வேண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டு போதும். நுர்க்ஸின் முகச்சுளிப்பு ஒரு வர்க்கத்தின் முகச்சுளிப்பாக மாறிய இடம் இது.

1841 முதல் ஹேக்கில் ‘நெதர்லாந்தியர்’ வகைமாதிரிகளைப் படமும் கட்டுரையுமாகத் தரும் ஒரு வரிசை வந்தது. பாரிஸில் வந்த ஒன்றைப் பார்த்துச் செய்தது. பேட்ஸும் அதில் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட ஆட்களில் இரண்டு பேர் நம் கதைக்கு முக்கியம். ஒன்று, ‘வேட்டைக்காரரும் கழி தூக்குபவனும்’. டச்சு வயல்களில் நாலடிக்கு ஒரு வாய்க்கால். வேட்டைக்குப் போகும் கனவான் அவற்றைத் தாண்ட நீளக் கழி ஊன்ற வேண்டும். கழியைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கக் கூடவே நடக்க ஓர் ஆள். ஒரே வயல், ஒரே சேறு. ஒருவருக்கு அது விளையாட்டு, மற்றவருக்கு அது கூலி. இரண்டாவது, லைடன் நகர விலாங்கு பிடிப்பவன். புழுக்களை உருண்டையாகக் கட்டித் தொங்கவிட்டு, ராத்திரியில் படகில் குந்தியபடி விலாங்குக்காகக் காத்திருப்பவன். விலாங்கு இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

ஏழைகளுக்கு ஆண்டில் ஒரே ஒரு பெரிய ஓய்வு இருந்தது: கெர்மிஸ் எனும் திருவிழாச் சந்தை. ஆம்ஸ்டர்டாமில் அது செப்டம்பரில். வெண்ணெய்ச் சந்தைச் சதுக்கம் முழுக்கக் கொட்டகைகள், மெழுகு பொம்மைகள், ராட்சத மனிதர்கள், குரங்கு வித்தை, சுடச்சுட அப்பம், அளவில்லாத ஜெனீவர் சாராயம். கைகோத்து வரிசையாகத் தெருவை அடைத்துக்கொண்டு குதித்தாடிப் போகும் கூட்டம். வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு அன்று விடுப்பும், எஜமானர்கள் தரும் திருவிழாக் காசும் உண்டு. கேலிப்படக்காரர்களுக்கு இது அறுவடைக் காலம். வேலைக்காரி சீமாட்டி ஆவதும், பட்டாளத்துச் சிப்பாய் அவளுக்குத் துணையாவதும், மறுநாள் காலையில் இருவரும் வெளுத்த முகத்தோடு பழைய இடத்துக்குத் திரும்புவதும் கட்டம் கட்டமாக அச்சேறின.

முன்பெல்லாம் பெரிய வீட்டுக்காரர்களும் கெர்மிஸுக்கு வந்தார்கள். நூற்றாண்டின் நடுவில் அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு வேறு இடங்கள் கிடைத்துவிட்டன. 1838இல் தொடங்கிய ஆர்டிஸ் விலங்குக்காட்சி சங்க உறுப்பினர்களுக்கானது. வெளியாருக்குச் செப்டம்பர் மாதத்தில் மட்டும் குறைந்த கட்டணத்தில் கதவு திறந்தது. 1865இல் திறந்த, பின்னர் ஃபோன்டல் பூங்கா என்று பெயர்பெற்ற பசும்பரப்பு, வசதியான நகரவாசிகளின் சங்கம் ஒன்று குதிரைச் சவாரிக்கும் உலாவுக்குமாக உருவாக்கியது. ஸ்கேவனிங்கன் கடற்கரையில் 1818இல் ஒரு சிறு மரக் குளியலகமாகத் தொடங்கியது, 1885இல் குர்ஹவுஸ் என்ற மாளிகை விடுதியாக நின்றது. நடுவில் 1864இல் ஹேக்கிலிருந்து குதிரை டிராமும் வந்தது. கடலில் முழுக்குப் போட சக்கரம் வைத்த குளியல் வண்டிகள், மணலில் பிரம்புக் கூடை நாற்காலிகள். பக்கத்திலேயே மீனவர்கள் தட்டையடிப் படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த உழைப்பு விருந்தினர்களுக்குப் பார்க்க அழகான காட்சி.

தங்களுக்கு வேலி போட்ட இடங்கள் அமைந்தபிறகு, வேலியில்லாத இடத்தில் நடந்த ஏழைகளின் கொண்டாட்டம் பெரிய மனிதர்களின் கண்ணை உறுத்தத் தொடங்கியது. குடி, ஒழுக்கக்கேடு, இரைச்சல். பாதிரியார்கள், மதுவிலக்குக்காரர்கள், முற்போக்கு நகரமன்ற உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசிய அபூர்வ விஷயம் இது. குடியினால் சீரழிந்த குடும்பங்கள் இருந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் ஜெனீவர் கடைகள் அப்படியே இருக்க, சந்தை மட்டும் போனது. 1876இல் ஆம்ஸ்டர்டாம் கெர்மிஸ் ஒழிக்கப்பட்டது. அந்தச் செப்டம்பரில் கலவரம் வெடித்தது, கண்ணாடிகள் நொறுங்கின, பட்டாளம் வந்தது. கெர்மிஸ் திரும்பவில்லை. அதே ஆண்டில் வெண்ணெய்ச் சந்தைச் சதுக்கத்துக்கு ரெம்பிராண்ட் சதுக்கம் என்று பெயர் மாற்றினார்கள். கொட்டகைகள் இருந்த இடத்தின் நடுவே, 1852இலேயே சதுக்கத்தில் நிறுவப்பட்டிருந்த அந்த ஓவியரின் சிலையை நகர்த்தி வைத்தார்கள். கெர்மிஸ் கூத்துகளை ரசித்து வரைந்த நூற்றாண்டைச் சேர்ந்தவர் அவர்!

இதற்குள் பத்திரிகை உலகம் மாறியிருந்தது. 1869 ஜூலை வரை ஒவ்வொரு செய்தித்தாளுக்கும் முத்திரை வரி உண்டு. அது போனதும் தாள்களின் விலை இறங்கியது. அதுவரை ஹேக்கின் ‘நெடர்லாண்ட்ஸ ஸ்பெக்டேட்டர்’ போன்ற கனமான வார இதழ்களில் ஸ்மித் கிரான்ஸ் வரைந்த கல்லச்சுப் படங்களை, வாசகர் வட்டங்களில் வீடுவீடாகச் சுற்றிவந்த பிரதிகளில்தான் பலர் பார்த்தார்கள். ராட்டர்டாமில் 1870இல் தொடங்கிய ‘ஒய்லன்ஸ்பீகல்’ போன்றவை இன்னும் கீழ்த்தட்டு வாசகரை நோக்கி வந்தன. 1877இல் தொடங்கிய ‘டி ஆம்ஸ்டர்டாமர்’ வார இதழுக்கு, அடுத்த பத்தாண்டின் பிற்பாதியிலிருந்து யோஹான் பிராகன்சீக் வரைந்தார். அவருடைய பெரிய படம் தனித்தாளாக இணைத்துத் தரப்பட்டது. சுவரில் மாட்டலாம், கடை ஜன்னலில் தொங்கவிடலாம். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

பனிக்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் டச்சுக்காரர்களின் ஓய்வைப் பற்றிப் பேச முடியாது. கால்வாய் உறைந்துவிட்டால் அமைச்சரும் மீன்காரியும் ஒரே பனியில் சறுக்குவார்கள், அங்கே வர்க்கம் கரைந்துவிடும் என்பது அந்நாட்டவர் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பும் கதை. பதினேழாம் நூற்றாண்டு ஓவியங்கள் முதல் இந்தக் கதைக்குச் சாட்சிகள் நிறைய. பாதி உண்மையும்கூட. வேகமாகச் சறுக்குகிறவர் தொப்பி பறந்துபோனால், பிரபுவானாலும் அசடு வழிய வேண்டியதுதான். கேலிப்படக்காரர்கள் அதை விடவில்லை. சறுக்கி விழும் வழக்கறிஞர், மனைவியை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்கும் வணிகர் என்று, மேட்டுக்குடி தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்ட சில இடங்களில் பனியும் ஒன்று.

ஆனால் அதே படங்களின் ஓரத்தில் ஓர் உருவம் அடிக்கடி நிற்கும். கையில் துடைப்பம், காதை மூடிய கந்தல் துணி, நீட்டிய தொப்பி. பனிப்பாதை பெருக்குபவர். சறுக்குகிறவர்களுக்காகப் பனியில் விழுந்த தூசியையும் பொடியையும் பெருக்கி வழி செய்துகொடுத்துவிட்டு, கடந்து போகிறவர்களிடம் ஒரு சென்ட் கேட்பார். மற்ற மாதங்களில் அவர் படகுக்காரர், துறைமுகக் கூலி, கொத்தனார். நீர் உறைந்தால் படகு ஓடாது, சுமை வராது, சாந்து பிடிக்காது. ஒருவருக்கு விடுமுறையைக் கொண்டுவரும் அதே குளிர் இன்னொருவரின் கூலியை நிறுத்திவிடும். 1864இல் ஆம்ஸ்டர்டாமில் பனிச்சறுக்குச் சங்கம் அமைந்தது. சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு வேலி போட்ட தனிப் பரப்பு. வேலையிழந்தவர்களுக்கு உதவ, பல ஊர்களில் இத்தகைய சங்கங்கள் பந்தயங்களும் நடத்தின. பரிசு உப்பிட்ட பன்றிக்கறி, பட்டாணி, ரொட்டி போன்ற உணவுப் பண்டங்கள். கனவான்கள் கரையில் நின்று கைதட்ட, பசியோடு இருப்பவர்கள் பன்றிக்கறிக்காகப் பறந்தார்கள். இதைத் தர்மம் என்று நம்பித்தான் செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேலிப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. ஆனால் படங்களில் பெருக்குபவர் பெரும்பாலும் ஓரத்து அலங்காரம்தான்.

இனி விலாங்கு. ஆம்ஸ்டர்டாமின் யோர்டான் பகுதி, ஒண்டுக் குடித்தனங்கள் நெருக்கியடிக்கும் தொழிலாளர் குடியிருப்பு. அங்கே ஒரு பழைய விளையாட்டு: கால்வாயின் இரு கரைக்கும் குறுக்கே கயிறு கட்டி, நடுவில் உயிருள்ள விலாங்கைத் தொங்கவிடுவார்கள். படகில் வரும் போட்டியாளர் அதைப் பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கும் விலாங்கு, ஆடும் படகு. பெரும்பாலும் ஆள்தான் தண்ணீரில் விழுவார். கரையில் சிரிப்பலை. விலங்குவதை என்று சொல்லி இது தடை செய்யப்பட்டிருந்தது. வதைதான். ஆனால் நாயை விட்டு முயலைத் துரத்தும் கனவான்களின் வேட்டைக்குத் தடை ஏதும் இல்லை.

1886 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. லிண்டன்கிராக்ட் கால்வாயில் கயிறு கட்டினார்கள். போலீஸ் வந்து கயிற்றை அறுத்தது. கைகலப்பு கலவரமானது. மறுநாள் நடைபாதைக் கற்கள் பெயர்க்கப்பட்டன, தடுப்பரண்கள் எழுந்தன, பட்டாளம் இறங்கிச் சுட்டது. 26 பேர் செத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்காக. சோஷலிஸ்டுகளின் சதி என்று பெரிய பத்திரிகைகள் எழுதின. சோஷலிஸ்ட் தலைவர் டோமெலா நியூவன்ஹைஸின் இயக்கம் அந்தக் கயிற்றைக் கட்டவில்லை, விலாங்கையும் வாங்கித் தரவில்லை. ஆனால் தெருவில் இருந்த கோபம் பத்து வருடமாகச் சேர்ந்தது. கெர்மிஸ் போயிருந்தது, வேலையும் சுருங்கியிருந்தது, நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை நேரடி வரி கட்டும் சிறுபான்மை ஆண்களுக்கு மட்டும் இருந்தது. கால்வாயை 1895இல் மண் போட்டு மூடிவிட்டார்கள்.

அந்த ஜூலைக்குப் பிறகு டச்சுக் கேலிப்படத்தின் முகம் திரும்பத் தொடங்கியது. ஒரே நாளில் அல்ல. பிராகன்சீக் தன் பெரிய, நிதானமான படங்களில் அரசாங்கத்தைத்தான் சீண்டினார். யோசனைகள் பெரும்பாலும் ஆசிரியர் யோஹன்னஸ் டி கோவிடமிருந்து வந்தவை. பிராகன்சீக் கோபக்காரர் அல்லர். ‘டிக் டிரொம்’ என்ற குண்டுப் பையனின் குறும்புகளுக்கு 1891இல் படம் போட்டவரும் அவர்தான். டச்சுக் குழந்தைகள் பல தலைமுறைகளாக அவரை அறிந்தது அதன் வழியாகத்தான். கோபம் வேறு திசையிலிருந்து வந்தது. 1892இல் லூயி ஹெர்மன்ஸ் என்ற சோஷலிஸ்ட் ‘சிவப்புப் பிசாசு’ என்ற பொருளில் ‘டி ரோட டைஃபல்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அச்சு மட்டம், தாள் மட்டம், சிரிப்பு காரம். தொப்பை வைத்த முதலாளி, செங்கோலைப் பிடித்த முடியாட்சி, போதகர், போலீஸ்காரர் என்று அதுவரை கேலிக்கு அப்பால் நின்றவர்கள் வரிசையாக வந்தார்கள். ஹெர்மன்ஸ் அரச குடும்பத்தை அவமதித்த குற்றத்துக்காகச் சிறைக்கும் போனார். பத்திரிகை 1897இல் நின்றது. அவர் பின்னர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். ஆம்ஸ்டர்டாமின் சேரி வீடுகளைப் பற்றி 1901இல் அவர் வெளியிட்ட புத்தகம் அந்தக் கேலிப்படங்களைவிட அதிகமாகச் சுட்டது.

கூர்ந்து பார்த்தால் ஹெர்மன்ஸின் பத்திரிகை புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தொப்பி, கையுறை, சுருட்டு, தொப்பை, சாய்வு நாற்காலி என்று ஐம்பது ஆண்டுகளாகக் குமாஸ்தாவையும் வேலைக்காரியையும் கேலி செய்யத் தீட்டப்பட்ட அதே கருவிகள்தான். முன்பு, தகுதிக்கு மீறி ஓய்வெடுப்பவர் சிரிப்புக்கு ஆளானார். இப்போது, எப்போதும் ஓய்விலேயே இருப்பவர் ஆளானார். இதற்கிடையே 1886–87இல் நாடாளுமன்றம் நடத்திய விசாரணை, தொழிற்சாலைகளில் வேலை நேரம் எவ்வளவு நீண்டது என்பதைச் சாட்சியங்களோடு பதிவு செய்திருந்தது. 1889 தொழிலாளர் சட்டம் பெண்களுக்கும் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் நாளுக்கு 11 மணி நேர வரம்பு போட்டது. வளர்ந்த ஆண்களுக்கு எந்த வரம்பும் இல்லை. 1890 மே 1 அன்று எட்டு மணி நேர வேலைநாள் கேட்டுத் தொழிலாளர்கள் முதன்முறையாகத் திரண்டார்கள். சட்டமாக அது வந்தது 1919இல்.

அந்த முப்பது ஆண்டுப் போராட்டத்துக்குத் தன் கோட்டைக் கொடுத்தவர், ஹெர்மன்ஸ் பத்திரிகையை நிறுத்தியபோது இருபது வயதாக இருந்த ஓர் இளைஞர். பெயர் ஆல்பர்ட் ஹான். சட்டம் வருவதற்கு ஓராண்டு முன்பு, 1918இல், 41 வயதில் இறந்துபோனார். 1903 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது அவர் வரைந்த படத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)